விக்டோரியா பப்ளிக் ஹாலுக்குள் போனவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பேசின்பிரிட்ஜ் வாசி:

சென்ட்ரலில் இறங்கி ரிப்பன் மாளிகைப் பக்கம் நடக்கிறவர்கள் எல்லோரும் அந்தச் செங்கல் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். திருவிதாங்கூர்ப் பாணிக் கூரை வைத்த சதுரக் கோபுரம். கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்து கொடுக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டியது. 1880களில் எழும்பிய கட்டடம். இதை மாநகராட்சி சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் 32.62 கோடி ரூபாய்க்குப் புதுப்பிக்க எடுத்தது என்ற செய்தியைப் படித்த அன்று, எனக்குப் பழைய காவலாளி ஒருவர் ஞாபகம்தான் வந்தது.

ஹால் பூட்டிக் கிடந்த காலம். கோபுரத்து இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கும். வெளியே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்ன தம்பி, தினமும் பாக்குறே?" என்றார் அவர். எங்கள் தாத்தா என்னைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் இதைக் காட்டி, "இங்கேதான்டா விவேகானந்தர் பேசினார்" என்பார் என்று சொன்னேன். அது 1897 பிப்ரவரி. தாத்தாவும் பிறக்காத காலம், ஆனால் கூட இருந்து கேட்டவர் மாதிரிதான் சொல்வார். காவலாளிக்கு என்ன தோன்றியதோ, கதவை ஓராள் நுழையும் அளவுக்குத் திறந்துவிட்டார்.

உள்ளே புறா எச்சமும் ஈர வாடையும். மேலே போகக் கூடாது, மரம் தாங்காது என்றார். அப்புறம் அவரே நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டினார். அந்தச் சத்தம் சுவர் சுவராகப் போய்த் திரும்பி வந்தது. மேலிருந்து இருபது முப்பது புறாக்கள் ஒன்றாக எழும்பின. "மைக் இல்லாத காலத்துல கட்டுனது தம்பி" என்றார். அவ்வளவுதான், ஐந்து நிமிடம்கூட இருக்காது. அந்தக் கைதட்டலை நான் இன்னும் மறக்கவில்லை.

பக்கத்திலேயே இருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. இன்று அந்த இடத்தில் நின்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சுவர்கூட இல்லை. அதனால்தான் இந்த ஹாலைப் பற்றி எனக்கு இவ்வளவு பதைப்பு.

காரைவீட்டுப் பையன்:

நான் உள்ளே போனதில்லை சார். ஆனால் என் அப்பா சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார். பழைய கட்டடங்களில் அவரோடு சித்தாளாக நின்றிருக்கிறேன். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, சலித்து, மணல் சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுக் குழைப்பார். ஒரு உருண்டை எடுத்து விரலால் நீவிப் பார்ப்பார். விரலில் வெண்ணெய் மாதிரி வழுக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் அரவைக்குத் தள்ளிவிடுவார்.

ஒருமுறை வேறொரு பழைய வீட்டில், அவசரம் என்று வீட்டுக்காரர் சிமெண்ட் பூசச் சொன்னார். அப்பா மாட்டேன் என்று கூலியை விட்டுவிட்டு வந்தார். சுவர் குடித்த ஈரம் வெளியே வர வழி இருக்காது, உப்புப் பூத்து செங்கல் பொரிந்து உதிரும் என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் கேட்கவில்லை. மூன்றாவது மழைக்காலத்தில் அந்தச் சுவரைப் பார்த்தேன், கை வைத்தால் மாவாகக் கொட்டியது. விக்டோரியா ஹால் மாதிரி செங்கல் கட்டடத்தில் செலவை விட, இந்தப் பொறுமைதான் முக்கியம். இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இப்படி ஒரு வேலை நடக்கும்போது பத்துப் பையன்களையாவது கூட வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

மேடைப்பித்தன்:

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் நாடகக்காரன், எனக்கு இருக்கிற கவலை வேறு. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை பல வருடம் நாடகம் போட்ட இடம் அது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சாயங்காலம் வேடம் கட்டிய மேடை. சென்னைக்காரர்கள் முதன்முதலாகச் சினிமா பார்த்த இடங்களில் ஒன்றும் அதுதான்.

எங்கள் குழுவில் பதினோரு பேர். போன வருடம் ஒரு அரங்கில் ஒரு நாள் வாடகை கேட்டோம். சொன்ன தொகையைக் கேட்டு, எங்கள் மேக்கப்காரர் எதுவும் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில், பெஞ்சை ஒதுக்கிவிட்டுத்தான் நாடகம் போட்டோம். புதுப்பித்த ஹாலில் டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்க மட்டும் ஜனங்கள் வந்தால் எனக்குப் போதாது. எங்களைப் போன்ற குழுக்களுக்கும், தெருச் சங்கங்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாதத்தில் சில நாளாவது கட்டுப்படியாகிற வாடகைக்குத் தர வேண்டும். பெயரிலேயே பப்ளிக் ஹால் என்றுதானே இருக்கிறது. எங்கள் விண்ணப்பத்தை எழுதியே வைத்துவிட்டோம்.

பேசின்பிரிட்ஜ் வாசி:

அண்ணா, விண்ணப்பம் கொடுக்கப் போகிற அன்று சொல்லுங்கள், நானும் வருகிறேன். தேதி கிடைத்தால் முதல் காட்சியை மைக் இல்லாமல் போடுங்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.