கடலூர் வண்டிப்பாளையம் தெருக் குழு: லைன்மேன் அண்ணனுக்கு

மளிகைக்கடை அண்ணாச்சி: நம்ம லைன்மேன் அண்ணன் நேற்று ராத்திரி காலமாகிவிட்டார். நெஞ்சுவலி என்றார், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. இன்று மாலை 4 மணிக்கு எடுக்கிறார்கள். கெடிலக்கரை மயானம். எல்லோரும் வந்துவிடுங்கள்.

மாடிவீட்டு அக்கா: ஐயோ, என்ன அண்ணாச்சி இது. முந்தாநாள் பால் வாங்க வந்தவர் நின்று பேசிவிட்டுத்தானே போனார்.

கோடிவீட்டு மாமா: ஆழ்ந்த இரங்கல் 🙏

சென்னைத் தம்பி: அண்ணாச்சி, கிளம்பிவிட்டேன். திண்டிவனம் தாண்டிவிட்டேன். பூமாலைக்குச் சொல்லிவிடுங்கள், நான் வந்து பணம் தருகிறேன்.

பின்தெருத் தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வாத்தியார்: நன்றி தம்பி. இன்று குட்மார்னிங் படம், பார்வர்டு எதுவும் வேண்டாம்.

தாழங்குடா சித்தி: மனசே ஆறவில்லை. 🙏🙏

(மறுநாள்)

வாத்தியார்: நேற்று அங்கே நின்றபோது எனக்கு 'தானே' புயல்தான் ஞாபகத்துக்கு வந்தது. 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. வெளியே வந்து பார்த்தால் நம் தெருவில் ஒரு கம்பம் நேராக இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. 2012 புத்தாண்டு நமக்கெல்லாம் இருட்டில்தான் பிறந்தது. அண்ணன் வீட்டு ஓடும் அன்றைக்குப் பறந்துபோனது, நிறையப் பேருக்குத் தெரியாது. மேலே ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். வெளி மாவட்டங்களிலிருந்து ஈ.பி. ஆட்கள் வந்தார்களே, அவர்களுக்கு எந்த லைன் எந்த டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிறது என்று எப்படித் தெரியும்? அண்ணன்தான் முட்டி அளவு சேற்றில் முன்னால் நடந்து காட்டினார். தெருவெல்லாம் வெளிச்சம் வந்தபிறகுதான் அவர் வீட்டுக்குக் கரண்ட் வந்தது.

மாடிவீட்டு அக்கா: அந்தச் சமயம் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்து வீடு வீடாக டேங்குக்குத் தண்ணீர் ஏற்றினோமே சார். அண்ணன் ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் தட்டி, மெயினை இறக்கியாச்சா என்று உள்ளே வந்து கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவார். கரண்டே இல்லாதபோது மெயினை எதற்கு இறக்கச் சொல்கிறார் என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

ஈ.பி. தம்பி: அக்கா, மெயினை இறக்காமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் கொடுத்தால் அந்தக் கரண்ட் திரும்பி வெளி லைனுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். வீட்டிலிருந்து 230 வோல்ட்டாகப் போவது அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறிவிடும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் நிற்கிறவன் கதி என்ன? அண்ணன் கதவைத் தட்டியது எங்களுக்காக.

நான் ஹெல்பராகச் சேர்ந்த புதிதில் அவரிடம்தான் வேலை. எல்.சி. (லைனை ஆஃப் செய்தாச்சு, வேலை செய்யலாம் என்கிற அனுமதி) வாங்கியாச்சு, ஏறட்டுமா என்று கேட்டால் "எர்த் போட்டியா?" என்பார். லைனை மண்ணோடு இணைத்துவிட்டால், தப்பித்தவறி கரண்ட் வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும். முதலில் ராடை மண்ணில் அடித்து இறக்கணும். அப்புறம் கம்பியின் மறுமுனையை லைனில் மாட்டணும். அதற்கு அப்புறம்தான் இடுப்பு பெல்ட்டில் கை வைக்க விடுவார். மழை கொட்டும், இந்தப் பக்கம் போன் மேல் போன் வரும், கரண்ட் எப்போ வரும் என்று தெருவே சத்தம் போடும். அவர் அசையமாட்டார். கீழே நின்று ராடை ஒருமுறை காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, "ம், ஏறு" என்பார். அவரோடு கம்பம் ஏறிய அத்தனை பேரும் முழுசாக இறங்கி வீட்டுக்குப் போயிருக்கிறோம். எனக்கு இரண்டு பிள்ளைகள் அக்கா. வேறு என்ன சொல்வது.

மளிகைக்கடை அண்ணாச்சி: 🙏🙏

தாழங்குடா சித்தி: 2024 டிசம்பரில் எங்களைக் காப்பாற்றியதும் அவர்தான். பெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு சாத்தனூர் அணையைத் திறந்து, பெண்ணையாறு கரை புரண்டு, தாழங்குடா, கண்டக்காடு எல்லாம் தண்ணீர். அண்ணன் ரிட்டையராகிவிட்டார் அப்போது. போன் செய்து, "பிளக் பாயின்ட் மட்டத்துக்குத் தண்ணீர் வருகிற வரைக்கும் காத்திருக்காதே, இப்போதே மெயினை இறக்கு, ஈரக் கையோடு தொடாதே, அக்கம்பக்கத்திலும் சொல்லு" என்றார். லைனிலேயே இருந்து, இறக்கிவிட்டேன் என்று சொன்னபிறகுதான் வைத்தார்.

கோடிவீட்டு மாமா: பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் தேருக்கு முன்னால் அவர் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லோரும் சாமியைப் பார்ப்பார்கள், அவர் மட்டும் அண்ணாந்து ஒயரைப் பார்த்துக்கொண்டே போவார். நீளமான கம்பு ஒன்று கையில் இருக்கும். தேர் நிலைக்கு வந்து, எல்லா லைனையும் திரும்பக் கட்டிக் கரண்ட் கொடுத்தபிறகுதான் உள்ளே போய்க் கும்பிடுவார். அதற்குள் பாதி நாள் நடை சாத்தியிருக்கும்.

சென்னைத் தம்பி: இப்படிப்பட்டவருக்கு நாம் பெரிதாக ஏதாவது செய்யணும். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைக்கலாமா? டிசைன் நான் போடுகிறேன். ரெண்டு கம்பத்துக்கும் குறுக்கே கட்டினால் மெயின்ரோட்டிலிருந்தே தெரியும்.

ஈ.பி. தம்பி: தம்பி, தப்பாக நினைக்காதே. கம்பத்தில் மட்டும் வேண்டாம். அண்ணனுக்கு ஆகவே ஆகாத விஷயம் அது. கம்பத்தில் பேனர், கேபிள் ஒயர், கொடிக்கயிறு எது சுற்றியிருந்தாலும் ஏறுகிறவனுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. ராத்திரியில் அவசரமாக ஏறும்போது அதில்தான் மாட்டும். வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால் அதையெல்லாம் அறுத்துப் போடுவார்.

சென்னைத் தம்பி: சரி அண்ணே. அப்போ பிளக்ஸ் வேண்டாம்.

மாடிவீட்டு அக்கா: நம் தெருவில் இப்போது எத்தனை கம்பம் சுத்தமாக இருக்கிறது? எங்கள் வீட்டு முன்னால் இருக்கிற கம்பத்தில் பழைய கேபிள் சுருட்டிக் கிடக்கிறது, புங்கமரக் கிளை வேறு லைனில் உரசுகிறது. அவர் பேரைச் சொல்லி இதைச் சரிபண்ணலாமே.

வாத்தியார்: நல்ல யோசனை அம்மா. எனக்கு மனசார சம்மதம்.

ஈ.பி. தம்பி: செக்‌ஷனில் கேட்டுப் பார்க்கிறேன் சார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்.சி. கிடைத்தால் எங்கள் ஆட்களே ஏறி வெட்டிவிடுவோம். அண்ணனுக்கு என்றால் எல்லோரும் வருவார்கள். தெரு ஆட்கள் கீழே விழுகிற கிளையை இழுத்துப் போட்டால் போதும். யாரும் ஏணி எடுத்துக்கொண்டு வரவேண்டாம், கம்பத்தில் கை வைக்கவேண்டாம். கேபிள்காரரிடம் அண்ணாச்சி பேசட்டும்.

மளிகைக்கடை அண்ணாச்சி: பேசிவிடுகிறேன். நம்ம கடை போர்டுக் கயிறும் ஒரு கம்பத்தில்தான் இருக்கிறது, இன்று சாயங்காலமே அவிழ்த்துவிடுகிறேன்.

வாத்தியார்: அப்புறம் இன்னொன்று. இறப்பை 21 நாளுக்குள் மாநகராட்சியில் பதிந்துவிட வேண்டும். அண்ணிக்குக் குடும்பப் பென்ஷன் மாற்ற அந்தச் சான்றிதழ்தான் முதலில் கேட்பார்கள். பாப்பா, அப்பாவுடைய பென்ஷன் புத்தகம், ஆதார், அம்மாவுடைய ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வை. நாளைக்கு நான் வந்து பார்க்கிறேன். அம்மா பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடு.

லைன்மேன் அண்ணன் மகள்: பார்த்தேன் மாமா. ஆதாரில் அம்மா பெயருக்கு இனிஷியல் மாறியிருக்கிறது. மற்றது சரியாக இருக்கிறது. இவ்வளவு நேரம் எல்லோரும் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தேர் விஷயத்தைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் அழுதார். அப்பாவுடைய டைரி, எந்தக் கம்பம் எந்த டிரான்ஸ்ஃபார்மர் என்று கையால் வரைந்த படம் எல்லாம் வீட்டில் இருக்கிறது. ஈ.பி. அண்ணா, உங்களுக்கு உபயோகப்படும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈ.பி. தம்பி: உபயோகமா? பாப்பா, அதைப் பத்திரமாக வை. நான் படம் பிடித்துக்கொண்டு திருப்பித் தருகிறேன். செக்‌ஷனில் புதிதாக வந்திருக்கிற பையன்களுக்கு அதைத்தான் முதலில் காட்டணும்.

வாத்தியார்: இனிஷியல் பெரிய விஷயமில்லை பாப்பா. இ-சேவையில் திருத்தலாம். நாளைக்கு அங்கேயே போவோம்.

லைன்மேன் அண்ணன் மகள்: சரி மாமா. ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும் எல்லோரும் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று அம்மா சொல்கிறார்.

மாடிவீட்டு அக்கா: துக்க வீட்டில் அடுப்பை மூட்டவேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லு. சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும் நான் செய்து கொண்டுவருகிறேன். அண்ணியோடு உட்கார்ந்து எல்லோருமாகச் சாப்பிடுவோம்.

மளிகைக்கடை அண்ணாச்சி: அரிசி, பருப்பு என் கடையிலிருந்து வந்துவிடும் அக்கா. எத்தனை பேர் என்று மட்டும் சனிக்கிழமை சொல்லிவிடுங்கள்.