அமெரிக்கக் குவாரிப் பயிற்சித் திட்டம்: மதிப்பீட்டுப் பகுதியில் சிக்கல்

வணக்கம். சிங்கப்பூரின் துவாஸிலிருந்து எங்கள் ஆறு டெக்னீஷியன்கள் டெக்சஸில் ஒரு கல் குவாரியில் கிரஷர் (கல் உடைக்கும் இயந்திரம்) பொருத்தப் போகிறார்கள். மூன்று வார வேலை என்பதால் வருகையாளர் கணக்கில் சேர்க்க முடியாது. பார்ட் 46 என்ற அமெரிக்கச் சுரங்கப் பாதுகாப்புப் பயிற்சி விதிப்படி புதியவர்களுக்கு 24 மணி நேரப் பயிற்சி. அதில் 4 மணி நேரமாவது வேலை தொடங்கும் முன்பே முடிய வேண்டும்.

திட்டத்தில் நிறுவன விவரம், பொறுப்பாளர், பாடவாரியாக நேரம், பயிற்றுநர் பட்டியல் எல்லாம் தயார். பயிற்சியின் பலனை எப்படி மதிப்பிடுவோம் என்ற பகுதியைத்தான் குவாரி தரப்பு இரண்டு முறை திருப்பிவிட்டது.

புரியும் மொழியில் பயிற்சி தர வேண்டும் என்று விதியே சொல்வதால் பாடம் தமிழில். முதலில் "வாய்மொழியாகக் கேட்டுச் சரிபார்ப்போம்" என்று எழுதினோம், போதாது என்றார்கள். பிறகு 20 கேள்விகள் கொண்ட தமிழ்த் தாள். அங்கே படிக்க ஆளில்லை. இங்குள்ள கட்டுமானப் பாதுகாப்புச் சான்றிதழ்களையும் ஏற்கவில்லை.

இப்போது யோசிப்பது செய்முறைச் சோதனை. ஒவ்வொருவரும் ஐசொலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்து, வேறு யாரும் இயக்க முடியாதபடி அதில் தன் பூட்டைப் போட்டு, பெயர் அட்டை மாட்டி, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி இயந்திரம் ஓடவில்லை என்று காட்ட வேண்டும். இதுதான் சரியென்று படுகிறது. தாளில் 18 மதிப்பெண் வாங்கியவர் பூட்டை மறந்தால் கையே போய்விடும்.

வேலை தொடங்க ஐந்து வாரம். திட்டம் நடைமுறைக்கு வருவதற்கு 2 வாரம் முன்பே அதன் நகல் ஊழியர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதால் மீதி அதிகபட்சம் மூன்றுதான்.

ஆங்கிலம் அல்லாத மொழியில் பயிற்சி நடத்தியவர்கள் அந்த மதிப்பீட்டுப் பகுதியில் எந்த வாசகத்தை எழுதி ஒப்புதல் வாங்கினீர்கள்?