வெறும் அலுமினிய ரிம்: மினுக்கி அப்பிடியே விடுறதோ, கிளியர் அடிக்கிறதோ?

வட்டுவாகல்:
15 இஞ்சி அலோய் ரிம் நாலு. கொம்பனி லக்கர் ஓரங்களிலை உரிஞ்சு, அதுக்குக் கீழை வெள்ளைக் கோடு ஓடிக் கிடக்கு. லக்கரை முழுக்கக் கழட்டி அலுமினியத்தை மினுக்கிறது எண்டு முடிவு. பிறகு வெறுமனே விடுறதோ, மேலாலை கிளியர் (நிறமில்லாத லக்கர்) அடிக்கிறதோ? வாகனம் ஓடுறது பரந்தன் – முல்லைத்தீவு ரோட்டிலையும் உள்ளுக்குக் கிறவல் பாதையளிலையும்.

கரைச்சி டிங்கர்:
கடற்கரைப் பக்கம் எண்டால் யோசிக்கத் தேவையில்லை, கிளியர்தான். அலுமினியத்துக்குத் தானாக ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படை வரும், அதுதான் அதுக்குக் காவல். உப்பிலை இருக்கிற குளோரைட் அந்தப் படையைப் புள்ளி புள்ளியாக உடைச்சு உள்ளுக்கு இறங்கும். குழி விழுந்தால் பிறகு பொலிஷ் காணாது, திரும்ப 400 நம்பர் தேய்க்கிற பேப்பரிலை இருந்து தொடங்க வேணும். ஒவ்வொருக்காலும் உலோகம்தான் தேயுது.

மாங்குளம் பஃப்:
உப்புக் கதை சரி அண்ணை, முடிவுதான் பிழை. கண்ணாடி மாதிரி மினுங்கிற மேற்பரப்பிலை கிளியர் பிடிக்க இடமில்லை. பிடிக்க வைக்க எண்டு பேப்பர் போட்டால் மினுக்கம் போச்சு. கிறவல் கல்லு ஒண்டு தெறிச்சுக் கிளியரிலை ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், உப்புத்தண்ணி அதாலை புகுந்து வெளியிலை வராமல் நிக்கும். தம்பியின்ரை ரிம்மிலை கறையான் மண்கோடு மாதிரி ஓடுற வெள்ளைக் கோடு அதுதான். லக்கர் இல்லாத ரிம்மிலை அந்தக் கோடு வராது. மங்கும், குழி விழும், ஆனால் கண்ணுக்கு முன்னாலை நடக்கும், கையாலை திருத்தலாம்.

செட்டிகுளம்:
ரெண்டு பேரும் சண்டை பிடிக்க முதல் ரிம் என்ன வகை எண்டு பாருங்கோ. முகத்திலை இசைத்தட்டு மாதிரி மெல்லிய வட்டக் கோடுகள் இருந்தால் அது லேத்திலை சீவின முகம், பேப்பர் போட்டால் அந்தக் கோடு திரும்ப வராது. குரோம் பூசினது எண்டால் பேப்பரே போடக்கூடாது. லக்கர் முழுக்கக் கழண்டு போச்சோ எண்டு பார்க்க, வெள்ளைத் துணியிலை கொஞ்சம் மெற்றல் பொலிஷ் எடுத்துத் தேயுங்கோ. துணி உடனை கறுத்தால் வெறும் அலுமினியம். கறுக்காத இடத்திலை லக்கர் இன்னும் நிக்குது.

வட்டுவாகல்:
வட்டக் கோடு இல்லை, குரோமும் இல்லை. லக்கர் கழட்டக் கோஸ்டிக் சோடா பாவிக்கலாமோ?

மாங்குளம் பஃப்:
ஐயோ, வேண்டாம். கோஸ்டிக் அலுமினியத்தையே தின்னும். நுரைச்சு ஐதரசன் வாயு வரும், ரிம் கறுத்துச் சொரசொரக்கும். சேர்விஸ் ஸ்ரேசன்களிலை லொறிக்கு அடிக்கிற கடும் கிளீனர்களும் இதே வேலைதான் செய்யும், ஒருக்கா அடிச்சாலே மினுக்கம் சாம்பலாகும்.

பெயின்ற் ரிமூவர் ஜெல் பூசி, பொலித்தீனாலை மூடி 15 நிமிசம் விடுங்கோ. பொங்கி வந்ததும் பிளாஸ்டிக் தகட்டாலை சுரண்டுங்கோ. வெளியிலை காத்தோட்டத்திலை, கையுறையோடை. ரயரைக் கழட்டினால் நல்லது. முடியாட்டி காத்தை இறக்கி, ரயர் உதட்டுக்கும் ரிம்முக்கும் நடுவிலை பழைய சீட்டுக்கட்டுத் துண்டுகளைச் சுத்திவரச் செருகுங்கோ, ஜெல் ரப்பரிலையும் வால்விலையும் படக்கூடாது.

பிறகு வோட்டர் பேப்பர். குழி, கீறல் உள்ள இடத்துக்கு மட்டும் 320. மிச்சம் முழுக்க 400, 600, 800, 1000, 1500, 2000. தண்ணியிலை ரெண்டு துளி பாத்திரச் சோப்பு விடுங்கோ. ஒவ்வொரு பேப்பருக்கும் தேய்க்கிற திசையை மாத்துங்கோ. முந்தின பேப்பரின்ரை கோடு முழுக்க மறைஞ்சால்தான் அடுத்ததுக்குப் போகலாம். 400இன்ரை கோடு ஒண்டு மிஞ்சினால், பஃப் போட்டாப் பிறகு வெயிலிலை அது தனியத் தெரியும். நட் இருக்கிற கூம்பு இடம், ஹப்பிலை முட்டுற முகம், ரயர் இருக்கிற விளிம்பு மூண்டிலையும் பேப்பர் படக்கூடாது.

கரைச்சி டிங்கர்:
இதுவரைக்கும் எனக்கும் மறுப்பில்லை. ஒண்டு சேருங்கோ: இரும்புக் கம்பி பிரஷ், ஸ்ரீல் வூல் ரெண்டும் கிட்டவும் வரக்கூடாது. இரும்புத் துணுக்கு அலுமினியத்திலை பதிஞ்சு, ஈரம் பட்டதும் அதைச் சுத்தித்தான் அரிப்புத் தொடங்கும். பிறேக் தூள் செய்யிற கேடும் அதேதான். அதாலைதான் கிளியர் வேணும் எண்டுறன், தூள் உலோகத்திலை படாது.

செட்டிகுளம்:
பஃபைப் பற்றி, அதுதான் மினுக்கிற துணிச் சக்கரம். சின்னக் கிரைண்டரிலை பூட்டவே கூடாது, அது நிமிசத்துக்கு 11,000 சுத்து. பஃப் சக்கரம் அதுக்குச் செய்யப்படயில்லை, கொம்பவுண்ட் (மினுக்கிற மெழுகுக் கட்டி) எரிஞ்சு கறுத்துப் பிடிக்கும். ட்ரில்லிலை 2,000 – 3,000 போதும். முதல் பிறவுண் கட்டி, பிறகு வேறை துணிச் சக்கரத்திலை வெள்ளைக் கட்டி. ஸ்போக் விளிம்பிலை பஃப் உள்ளையிருந்து வெளியை ஓடவேணும். எதிர்ப்பக்கம் போனால் விளிம்பைக் கொளுவி ட்ரில்லைக் கையிலையிருந்து பிடுங்கும். முகமூடி கட்டாயம். அலுமினியத் தூள் குவிஞ்ச இடத்திலை இரும்பு கிரைண்ட் பண்ணாதேங்கோ, தீப்பொறி பட்டால் பத்தும்.

கடைசியாக நிக்கிற கறுப்புப் பிசுக்குக்குக் கோதுமை மாத் தூவித் துடையுங்கோ. எண்ணெயை உறிஞ்சி எடுக்கும்.

நெடுங்கேணி:
இவ்வளவு பாடு எதுக்கு? தேசிக்காயும் புளியும் போட்டுத் தேய்ச்சால் பளபளக்குமே.

மாங்குளம் பஃப்:
அது குத்துவிளக்குக்கு. பித்தளைக்குப் புளி சரி, அலுமினியத்தைப் புளிப்பு மங்க வைக்கும்.

கரைச்சி டிங்கர்:
விசயத்துக்கு வருவம். கிளியர் பிடிக்காது எண்டுறது ஒழுங்காத் துடைக்காமல் அடிச்ச வேலையளின்ரை கதை. கொம்பவுண்டிலை மெழுகு இருக்கு. அதை அசற்றோனாலை ரெண்டு தரம் துடைச்சு, சாம்பல் ஸ்கொச் பாட்டாலை (தேய்க்கிற நார்ப் பட்டை) மெதுவா ஒருக்கா இழுத்து, 2கே கிளியர் (ஹார்ட்னர் கலந்து அடிக்கிறது) மெல்லிசா ரெண்டு கோட். கண்ணாடி மினுக்கம் கொஞ்சம் குறையும், சற்றின் மாதிரி வரும். அதோடை நிம்மதி. இல்லாட்டி பவுடர் கிளியர், தூளா அடிச்சு அடுப்பிலை உருக்கிறது.

மாங்குளம் பஃப்:
கொம்பனியிலை கிளியருக்கு முதல் இரசாயனப் படை ஒண்டு ஏத்தித்தான் லக்கரைப் பிடிக்க வைக்கிறவை. அந்தப் படை இல்லாமல் ஸ்கொச் பாட்டை நம்பினால் ரெண்டு மாரிதான். பவுடருக்கு 180 – 200 பாகை சூட்டிலை அவிக்க வேணும். வார்ப்பு ரிம்முக்குப் பலம் வாறது கிட்டத்தட்ட 155 – 170 பாகையிலை பதப்படுத்தித்தான். ஒருக்கா 20 நிமிசம் அவிச்சால் பெரிசா ஒண்டுமில்லை. உரிச்சு உரிச்சுத் திருப்பி அவிச்சால், அதுவும் சூட்டு அளவு ஒழுங்கில்லாத அடுப்பிலை, பலம் இறங்கும்.

வெறும் ரிம்முக்குப் பராமரிப்பு இவ்வளவுதான்: சின்தெற்றிக் சீலன்ற் (மெழுகு மாதிரிக் காவல் பூச்சு) மெல்லிசா ரெண்டு தரம், நடுவிலை ஒரு மணித்தியாலம் விட்டு. கோடையிலை ரெண்டு மாதத்துக்கு ஒருக்கா, ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாதத்துக்கு ஒருக்கா. கடற்கரைப் பக்கம் போய்வந்தால் ரிம் ஆறினாப் பிறகு நல்லதண்ணி ஊத்துங்கோ. எங்கடை கிணத்துத் தண்ணி கனபேருக்கு வன்தண்ணி, காய விட்டால் வெள்ளை வட்டம் பிடிக்கும். உடனை துணியாலை ஒத்துங்கோ.

கரைச்சி டிங்கர்:
மாதாமாதம் குந்தியிருந்து நாலு ரிம்மும் துடைக்க ஆருக்கு நேரம்? துடைக்காத ஆளுக்கு வெறும் ரிம் முதல் மாரியிலையே சாம்பல்.

மாங்குளம் பஃப்:
துடைக்காத ஆளுக்குச் சில்வர் பெயின்ற். அதிலை எனக்கு வாதமில்லை.

வட்டுவாகல்:
அப்ப முன்னுக்கு ஒண்டு வெறும், ஒண்டு கிளியர். தைக்குப் பிறகு பார்ப்பம். திருப்பிப் பூட்டேக்கை நட் இறுக்கம் என்ன?

செட்டிகுளம்:
ரொயோட்டாவின்ரை கனக்கக் காருகளுக்கு 103 நியூட்டன் மீற்றர், மற்றக் கொம்பனியளுக்கு வேறுபடும், கைநூலிலை ஒருக்காப் பாருங்கோ. நட்சத்திர ஒழுங்கிலை இறுக்கி, 100 கிலோமீற்றர் ஓடினாப் பிறகு திரும்ப ஒருக்கா.

கரைச்சி டிங்கர்:
கிளியரை வலது பக்கம் அடியுங்கோ. இடது சில்லுத்தானே எந்த நேரமும் ரோட்டுக்கரைக் கிறவலிலை இறங்குது.

மாங்குளம் பஃப்:
அதுதான் அண்ணை, இடதுக்கு அடிக்கச் சொல்லுங்கோ.