சுங்கை சிப்புட்டில் இருந்து சட்ட நுழைவுத் தேர்வு: லாஜிக்கல் ரீசனிங் பிடிபடவில்லை

நெல்லைப் பெண்:
வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. கணவருக்கு செம்பனை ஆலையில் வேலை. ஐந்து வாரத்தில் எனக்குச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு. லாஜிக்கல் ரீசனிங்கில், அதாவது சிறு வாதத்தைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் பகுதியில், 25 கேள்விக்கு 13 தாண்டவில்லை. எப்போதும் இரண்டு விடைகள் ஒரே மாதிரி தெரிகின்றன. நேற்று ராத்திரி அழுதேவிட்டேன்.

கோலாலம்பூர்வாசி:
தங்கச்சி, தீபகற்ப மலேசியாவில் வக்கீலாக 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். அதை முதலில் விசாரியுங்கள்.

பந்திங் அண்ணன்:
நான் தோட்டத்துக்கு வந்த புதிதில் ஆறு மாதம் பேச ஆளில்லை. விடியும் முன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, போனால் மதியம்தான் வீடு. அறையில் ஒரு பாய், ஒரு அரிசிப் பானை. நீங்களும் பழகிவிடுவீர்கள், மனதை விடாதீர்கள்.

ஈப்போ அக்கா:
கடைசியில் என்ன கேட்கிறார்கள் என்பதை முதலில் படி அம்மா. அப்புறம்தான் பத்தி.

கூலிம் தம்பி:
எனக்கு அது ஒத்துவரவில்லை அக்கா. பத்தியை முதலில் படித்து முடிவு எந்த வாக்கியம் என்று கோடு போட்டால்தான் நிற்கும்.

பந்திங் அண்ணன்:
படிக்க இணைய லைன் வேண்டுமே. எங்கள் பக்கம் மழை இறங்கினால் இணையம் போய்விடும். பஸ்ஸும் நினைத்தால்தான் வரும்.

ஈப்போ அக்கா:
பிள்ளை கேட்டதற்கு வருவோம். எந்தத் தேர்வு? எந்தப் புத்தகம்?

நெல்லைப் பெண்:
மன்னிக்கவும், சொல்லவே இல்லை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிக்கான எல்சாட் (LSAT) தேர்வு. ஊரில் இருந்து கொண்டுவந்த பழைய புத்தகம். யார் எந்த நாற்காலியில் என்ற புதிர்களுக்கே பாதி நேரம் போகிறது.

ஈப்போ அக்கா:
அந்தப் புதிர்ப் பகுதியை 2024 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். இப்போது மதிப்பெண் உள்ள மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங், ஒன்று வாசிப்பு. ஒவ்வொன்றும் 35 நிமிடம். மதிப்பெண் சேராத ஒரு பகுதியும் வரும், எது என்று தெரியாது.

உன் பக்கத்துச் செம்பனைத் தோட்டக் கதையிலேயே பார். "இந்த வருடம் புது உரம் போட்டோம். குலை அதிகம் வந்தது. ஆகவே உரம்தான் காரணம்." வாதம் ஒன்றுதான், கேட்பதைப் பொறுத்து உன் வேலை மாறும். வாதத்தைப் பலவீனப்படுத்து என்று கேட்டால், உரம் போடாத பக்கத்துத் தோட்டத்திலும் அதே அளவு கூடியது என்பது விடை. வாதத்தின் குறை என்ன என்று கேட்டால், ஒன்றாக நடந்ததையே காரணம் என்று எடுத்துக்கொண்டது.

நீ தடுமாறுவது அசம்ப்ஷன் கேள்வியாக இருக்கும், அதாவது வாதம் சொல்லாமலே நம்பியிருக்கும் விஷயம். இரண்டு விடை மிஞ்சினால் ஒவ்வொன்றையும் மறுத்துப் பார். "குலை கூடியதற்கு மழை மட்டுமே காரணமல்ல" என்பதை மறுத்தால் மழைதான் முழுக் காரணம் என்றாகி வாதம் விழுந்துவிடும். அதுதான் விடை. "இந்த உரம் எல்லாத் தோட்டத்திலும் பலன் தரும்" என்பதை மறுத்தால் எங்கோ ஒரு தோட்டத்தில் பலிக்காது, அவ்வளவுதான். நம் வாதம் அப்படியே நிற்கும். ஆனால் "இதை ஊகித்தால் முடிவு உறுதியாகும்" என்று கேட்டால் அது வேறு வகை. அங்கே மறுத்துப் பார்க்காதே, முடிவு தப்பாமல் வருகிறதா என்று மட்டும் பார்.

கூலிம் தம்பி:
அக்கா சொன்னதோடு இன்னொன்று. செம்பனைக்கு உரம் போட்டால் பலன் அந்த வருடமே தெரியாது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த அறிவைத் தேர்வுக்குள் கொண்டுபோகாதீர்கள். பலவீனப்படுத்து என்று கேட்டால், கொடுத்த விடையை உண்மை என்று வைத்துத்தான் எடை போட வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

ஈப்போ அக்கா:
தேர்வு நடத்துபவர்களின் லாஹப் (LawHub) இணையதளத்தில் இலவச மாதிரித் தாள் உண்டு. லைன் இருக்கும்போது ஒன்றைப் போட்டுப் பார்.

நெல்லைப் பெண்:
புதிர்ப் பக்கங்களைக் கிளிப் போட்டு மூடிவிட்டேன். இன்று பசியாறிவிட்டு அசம்ப்ஷன் கேள்வி பத்தையும் மறுத்துப் பார்த்தேன் அக்கா. ஏழு சரி.