கினபாத்தாங்கானில் பார்த்தது வளைக்கரடிதானா?

ஆயர் ஈத்தாம் வாசி (பினாங்கு):
வணக்கம். சென்ற பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் போர்னியோ தீவில் உள்ள சபா மாநிலத்துக்குப் போயிருந்தோம். கினபாத்தாங்கான் ஆற்றோரம் நாங்கள் தங்கிய விடுதியின் பின்புறத்தில், இரவு ஒன்பது மணிக்கு மேல், பூனையளவு கறுப்பு விலங்கு ஒன்று ஈரமண்ணை மூக்கால் கிளறிக்கொண்டிருந்தது. உச்சந்தலையிலிருந்து முதுகு வழியாக ஒரே வெள்ளைக் கோடு. வால் இருக்கிறதா என்றே சந்தேகம். வழிகாட்டி "தெலெடு" என்று மெதுவாகச் சொல்லி எங்களைப் பின்னுக்கு இழுத்தார். மகளோ தன் புத்தகத்தில் உள்ள பேட்ஜர், அதாவது வளைக்கரடிதான் இது என்று அடம்பிடிக்கிறாள். ஆனால் அந்தப் படத்தில் கோடுகள் முகத்தில் இருக்கின்றன, உடல் சாம்பல் நிறம். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

செந்தூல்காரன் (கோலாலம்பூர்):
வழிகாட்டி சொன்னது சரி. மகள் சொன்னதும் முழுத் தவறு அல்ல. புத்தகத்தில் இருப்பது ஐரோப்பிய வளைக்கரடி. அது கூட்டமாக வாழ்ந்து, தலைமுறை தலைமுறையாக ஒரே வளையைத் தோண்டி விரிவாக்கிக்கொண்டே போகும். அதன் நெருங்கிய உறவினங்கள் காக்கசஸ் பகுதியிலும், கஜகஸ்தானிலிருந்து கொரியா வரையிலும், ஜப்பானிலும் உள்ளன. ஜப்பானிய இனம் ஹொன்ஷு, ஷிகோகு, கியூஷு தீவுகளில் மட்டுமே உண்டு, ஹொக்கைடோவில் கிடையாது. நமக்கு அருகே, தாய்லாந்து, மியன்மார், வியட்நாம் காடுகளில் பன்றிமூக்கு வளைக்கரடி வாழ்கிறது. சுமத்ராவின் பாரிசான் மலைத்தொடரில் அதன் சிறிய இனம் ஒன்று தனியாக உள்ளது.

நீங்கள் கண்ட தெலெடு இவற்றோடு சேராது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ தீவுகளில் வாழும் இதையும், பலாவான் தீவில் உள்ள இதன் உறவினத்தையும் நெடுங்காலம் வளைக்கரடிகளோடு, அதாவது நீர்நாய்களும் அடங்கிய குடும்பத்தில், வைத்திருந்தார்கள். 1990களின் மரபணு ஆய்வுகளுக்குப் பிறகே நாற்றத் திரவம் பீய்ச்சும் அமெரிக்காவின் ஸ்கங்க் விலங்குகளின் குடும்பத்துக்கு மாற்றினார்கள். மண்ணைத் தோண்டிப் புழு தின்னும் பிழைப்பு ஒன்றாக இருந்ததால், நீண்ட நகமும் தாழ்ந்த உடலும் இரு குடும்பங்களிலும் தனித்தனியே அமைந்துவிட்டன. ஆங்கிலேயர் தோற்றத்தைப் பார்த்து "ஸ்டிங்க் பேட்ஜர்" (நாற்ற வளைக்கரடி) என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். உங்களைப் பின்னுக்கு இழுத்ததன் காரணம், வாலடியிலிருந்து அது பீய்ச்சும் திரவம். நான் ஒருமுறை சபாவில் அந்த நாற்றத்தை முகர்ந்திருக்கிறேன். மறுநாள் காலையிலும் சட்டையை விட்டுப் போகவில்லை.

பட்டர்வொர்த் தம்பி:
அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தேன் வளைக்கரடி ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா, ஈரான் வழியாக இந்தியா வரை பரவியிருக்கிறது. கர்நாடகத்தின் காவிரி வனவிலங்குச் சரணாலயத்திலும் தானியங்கிக் கேமராவில் பதிவாகியுள்ளது. தோல் தடிப்பாகவும் தளர்வாகவும் இருப்பதால், பிடரியைக் கவ்விய விலங்கையே அது திரும்பிக் கடித்துவிடும். வட அமெரிக்கப் புல்வெளிகளில் தரையணில்களைத் தோண்டிப் பிடிக்கும் அமெரிக்க வளைக்கரடியும் வேறொரு தனிக் கிளைதான்.

ஆயர் ஈத்தாம் வாசி (பினாங்கு):
இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால், மலேசியாவில் உண்மையான வளைக்கரடி என்று எதைத்தான் சொல்வது? மகளின் அடுத்த கேள்வி அதுதான்.

செந்தூல்காரன் (கோலாலம்பூர்):
சபாவிலேயே உள்ள போர்னியோ பெர்ரெட் பேட்ஜரைச் சொல்லுங்கள். பெயரில் பேட்ஜர் இருந்தாலும் ஐரோப்பிய இனத்துக்கு அது தூரத்து உறவுதான். ஆனாலும் நீர்நாய்க் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. பெரும்பாலும் கினபாலு, குரோக்கர் மலைகளைச் சுற்றியே வாழ்வதால், அழியும் அபாயத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்குக் கினபாலு மலையடிவாரத்தில் உள்ள குண்டாசாங் பக்கம் போனால், இரவில் குப்பைத்தொட்டி ஓரமாக டார்ச் அடித்துப் பாருங்கள். முகத்தில் வெள்ளைத் திட்டும், பஞ்சு போன்ற நீண்ட வாலும் தெரிந்தால் அதுதான்.