கண்மாய்க்கரையில் மூன்று மஞ்சள் பூச்செடிகள்: இதில் ஆவாரை எது?

கரிசல்மண்:
விருதுநகர் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் மஞ்சள் பூச்செடிகள் கலந்து நிற்கின்றன. கேட்டால் எல்லாமே ஆவாரைதான் என்கிறார்கள். ஆனால் ஒன்று இடுப்புயரப் புதர், இலை பொடிசு. இன்னொன்று பச்சைத்தண்டு, இலை பெரிசு, கசக்கினால் குமட்டுகிற வாடை. மூன்றாவது முழங்கால் உயரம்தான். பூவைக் காயவைத்துத் தேநீருக்கு எடுக்க வேண்டும். பூவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியுமா?

சிற்றிலை:
முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் சென்னா என்ற ஒரே பேரினம். ஐந்து இதழ், நடுவே நீளமும் குட்டையுமாகக் கேசரங்கள் (மகரந்தம் தாங்கும் குச்சிகள்), எல்லாம் ஒரே சாயல். ஆவாரம்பூ 4 முதல் 5 செ.மீ. விரியும், மற்றவை அதில் பாதிதான். ஆனால் வாடிய பூவில் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை.

இலையைப் பாருங்கள். முதிர்ந்த இலை ஒன்றை, தண்டில் ஒட்டியிருக்கும் அடியிலிருந்து நுனிவரை முழுசாகப் பறித்து, நடு ஈர்க்கின் இருபுறமும் இருக்கும் சிற்றிலைகளை ஜோடி ஜோடியாக எண்ணுங்கள்.

ஆவாரையில் 8 முதல் 12 ஜோடி இருக்கும். ஒவ்வொரு சிற்றிலையும் சுமார் 2 செ.மீ., நுனி மழுங்கி, நடுவில் பொடி முள் மாதிரி ஒரு கூர். பேயாவிரையில் பெரும்பாலும் 4 அல்லது 5 ஜோடிதான். சிற்றிலை பெரிது, நுனி நீண்டு கூராகும். நீங்கள் சொன்ன வாடையும் அதனுடையதே. முழங்கால் உயரச் செடியில் மூன்று ஜோடி இருந்து, அவை நுனிப்பக்கம் அகன்றிருந்தால் தகரை. இரவில் சிற்றிலைகள் மடங்கிக்கொள்ளும்.

வேலிப்புதர்:
ஜோடிக் கணக்கோடு நிறுத்தினால் மாட்டிக்கொள்வார். பொன்னாவிரை என்று இன்னொன்று இருக்கிறது. அதில் 6 முதல் 10 ஜோடி வரும், ஆவாரைக் கணக்கோடு இடித்துக்கொள்ளும். போதாக்குறைக்குப் பேயாவிரையையும் பொன்னாவிரையையும் ஊருக்கு ஊர் மாற்றி மாற்றி அழைப்பார்கள். அதனால் பெயரை நம்பாமல் சுரப்பியை, அதாவது ஈர்க்கிலோ காம்பிலோ நிற்கும் பொடி முண்டைத் தேடுங்கள்.

இலையின் நடு ஈர்க்கை மேல்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஆவாரையில் ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே மெல்லிய குச்சி போல ஒரு சுரப்பி நிற்கும், கடைசி ஜோடிவரை. பேயாவிரை, பொன்னாவிரை இரண்டிலும் ஜோடிகளுக்கு நடுவே எதுவும் கிடையாது. காம்பின் அடியில், தண்டை ஒட்டி ஒன்றே ஒன்று. பேயாவிரையில் அது கருத்த குண்டு முண்டு, பொன்னாவிரையில் கொஞ்சம் நீண்டிருக்கும். பலர் இலையைப் பாதியில் கிள்ளிப் படம் எடுத்துப் போடுவதால் அந்த அடிச்சுரப்பி செடியிலேயே தங்கிவிடுகிறது, அப்புறம் யார் பார்த்தும் சொல்ல முடியாது. தகரையில் கீழ் ஜோடிகளுக்கு நடுவே மட்டும் இருக்கும்.

அடுத்தது இலையடிச் செதில். ஆவாரையில் இலை புறப்படும் இடத்தில் காதுமடல் போல அகன்ற பச்சைச் செதில்கள் இரண்டு தண்டை அணைத்து நிற்கும். இந்தக் கூட்டத்தில் வேறு எதற்கும் இப்படி இல்லை. இளங்கிளையில் பாருங்கள், தெளிவாகத் தெரியும்.

காய் இருந்தால் வேலை இன்னும் சுலபம். ஆவாரங்காய் தட்டை, காகிதம் போல மெலிசு, 7 முதல் 11 செ.மீ., விதைகளுக்கு இடையே அலையலையாகச் சுருங்கியிருக்கும். பேயாவிரைக் காய் 10 செ.மீ.க்கு மேல், ஒடுக்கம், சற்றே மேல்நோக்கி வளையும், பழுப்பு உடலில் வெளிறிய ஓரம். பொன்னாவிரைக் காய் உருண்டு உப்பியிருக்கும். தகரைக் காய் மெல்லிசாக நீண்டு வளைந்தது.

தண்டையும் விடாதீர்கள். ஆவாரை பல வருஷம் நிற்கும் புதர், அடியில் கட்டை உண்டு. அந்தப் பட்டையைத்தான் தோல் பதனிட உரித்தார்கள். மழைக்கு முளைத்துப் பூத்துக் காய்ந்துபோகும் பச்சைத்தண்டு ஆவாரையாக இருக்காது.

கரிசல்மண்:
புதரில் பார்த்தேன். 10 ஜோடி, எல்லா ஜோடிக்கும் நடுவே சுரப்பி, காதுமடல் செதிலும் இருக்கிறது. ஆனால் போன வாரம் மூன்றிலிருந்தும் சேர்த்துப் பறித்த பூ ஒரு பை காய்ந்து கிடக்கிறது. அதைப் பொறுக்கிப் பிரிக்கலாமா?

சிற்றிலை:
கொட்டிவிடுங்கள். காய்ந்த இதழில் அடையாளம் மிஞ்சாது. கொத்தாகப் பறிக்கும்போது இளங்காயும் கூடவே வந்திருக்கும், அதுதான் கவலை.

பேயாவிரை விதை விளையாட்டுச் சமாச்சாரம் அல்ல. மேற்கு உத்தரப்பிரதேசத்தில் குளிர்காலம்தோறும் குழந்தைகளைக் கொன்ற நோயை நெடுங்காலம் மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். இந்த விதையைத் தின்றதால் கல்லீரல், தசை, மூளை மூன்றும் ஒன்றாகப் பாதிக்கப்படுகின்றன என்பது 2007 வாக்கில் வெளியான ஆய்வுகளில் தெரிந்தது. 2016இல் ஒடிசாவின் மல்கான்கிரியில் குழந்தைகள் கொத்துக்கொத்தாக இறந்தபோதும் நிபுணர் குழு இந்தச் செடியைத்தான் காட்டியது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் நின்றால் காய் பிடிக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். வெட்டி விட்டால் அடியிலிருந்து துளிர்க்கும்.

வேலிப்புதர்:
இனிப் பறிக்கும்போது ஒரு செடியை உறுதி செய்து, அதில் மட்டும் பறியுங்கள். "பக்கத்தில் இருப்பதும் அதேதான்" என்று நகர்வதில்தான் கலப்படம் நேர்கிறது. காலையில், அன்று விரிந்த பூவை மட்டும், காய் இல்லாமல். நிழலில் துணி மேல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் உள்ளே ஈரம் தங்கிக் கருத்துப் பூஞ்சை பிடிக்கும். கையில் நொறுங்கும் பதம் வந்த பிறகே டப்பாவில் போடுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் பொங்கல் வரை பொறுங்கள். காப்புக் கட்டுவதற்கு வேப்பிலை, சிறுபீளையோடு ஆவாரங்கொத்தும் விற்பார்கள். இலையும் செதிலும் உள்ள கொத்தாகப் பார்த்து வாங்கி, மேலே சொன்ன சுரப்பியை அதில் சரிபார்த்து, செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி வையுங்கள். அதை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போனால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் யாராவது தினமும் குடிக்கப்போகிறார் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். ஆவாரையும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது, இரண்டும் சேர்ந்தால் அளவுக்கு மேல் இறங்கலாம்.