மினி டைடல் வந்தாச்சு, ஊருக்கு என்ன வரும்? தென்காசிப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

வானூரான்:
எங்களுக்கு விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகா. பக்கத்துத் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பார்க் திறந்தார்கள், ஐ.டி. கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட அரசு கட்டிய கட்டடம், 63,000 சதுர அடி. அன்றிலிருந்து டீக்கடையில் இரண்டு கட்சி. ஒருத்தருக்கு சென்ட் என்ன விலை போகும் என்பது மட்டும்தான் பேச்சு, இன்னொருத்தர் "ஏசி கட்டடத்தில் நம்மாளுக்கு வாட்ச்மேன் வேலைதான்டா" என்கிறார். தங்கச்சி டிப்ளமோ கம்ப்யூட்டர் கடைசி வருஷம், அப்பாவுக்கு அவளைச் சென்னைக்கு அனுப்ப மனசில்லை, அவளுக்கோ இங்கேயே இருந்தால் என்ன கிடைக்கும் என்று பயம்.

உங்கள் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ சாப்ட்வேர் கம்பெனி 2011லேயே வந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு மேல் பார்த்தவர்கள் நீங்கள். அதை ஆரம்பித்த ஸ்ரீதர் வேம்பு வேட்டி கட்டி சைக்கிள் ஓட்டுகிற போட்டோ எல்லாம் பார்த்தாயிற்று, அது வேண்டாம். அந்தக் கம்பெனியில் வேலைக்குப் போகாத வீட்டுக்கு என்ன மாறியது? அதைச் சொல்லுங்கள்.

சாரல்காத்து:
நான் அந்தக் கம்பெனி இல்லை, தென்காசியில் வேறொரு சின்ன ஆபீஸ். அதற்கு முன் ஆறு வருஷம் சென்னையில், மேடவாக்கத்தில் மூன்று பேர் ஒரு ரூம். சம்பளம் அங்கேதான் அதிகம், ஆனால் வாடகை, மெஸ், தீபாவளிக்கு ஆம்னி பஸ் என்று போனபின் வீட்டுக்கு அனுப்பியது 8,000 தாண்டியதில்லை. இப்போது வாங்குவது குறைவு, ஆனால் அது முழுக்க இங்கேயே செலவாகிறது. வீட்டுக்கு மாடி எடுத்தோம், கொத்தனார் கீழப்பாவூர், சென்ட்ரிங் ஆள் எங்கள் தெரு, கம்பி சிமெண்ட் சந்தைக்கு எதிரே இருக்கிற கடை. வேலைக்குப் போகாத வீட்டுக்கு என்ன என்று கேட்டீர்களே, அந்தக் கொத்தனார் வீடுதான் பதில்.

கல்யாணம் ஆனதும் பெண்கள் வேலையை விட்டுவிடுவது வழக்கம், எங்கள் ஆபீசில் விடவில்லை. பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். சென்னையில் அதற்கு வழியே இல்லை.

வாடகை ஏறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மாற்றலாகி வருகிற வாத்தியார்கள் புலம்புகிறார்கள். அப்புறம் "உள்ளூர்க்காரன்" என்பதற்காக யாரும் வேலை தர மாட்டார்கள், எங்கள் தளத்தில் பாதிப் பேர் கோவில்பட்டி, ராஜபாளையம், மதுரை.

ஒன்றைக் கவனியுங்கள். மத்தளம்பாறையில் வந்தது கம்பெனி, சொந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. உங்களுக்கு வந்திருப்பது கட்டடம், உள்ளே யார் வாடகைக்கு வருகிறார்கள் என்பதுதான் விஷயம். பத்து நாற்காலி போட்டு பில் அடிக்கிற வேலை மட்டும் வந்தால், ஒப்பந்தம் முடிந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இ-சேவை அக்கா:
சாரல்காத்து தம்பி சொன்னது சம்பளம் வாங்குகிற வீட்டுக் கதை. நான் ஆலங்குளம் பக்கம் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன், என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள்.

போன மாதம் ஓர் ஆச்சி பி.எஃப். எடுக்க வந்தார்கள். நாற்பது வருஷம் இலையை நனைத்து, வெட்டி, சுருட்டிய கை. மிஷினில் வைத்தால் ரேகை விழவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, நெற்றியில் தேய்த்துக்கொண்டு மறுபடி வைத்தோம். பத்து விரலும் பார்த்தாயிற்று, வழுவழுவென்று கிடக்கிறது. சரி, ஓ.டி.பி. போடலாம் என்றால் ஆதாரில் இருப்பது மகன் நம்பர், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், ஷிப்டில் போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவான். அவன் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துச் சொல்வதற்குள் ஓ.டி.பி. காலாவதி. மறுநாள் அதைத் தாண்டினோம், அப்போதுதான் தெரிந்தது ஆதாரில் பெயர் "அம்மாள்" என்று முடிகிறது, பி.எஃப். கணக்கில் "அம்மா". அந்த ஒரு "ள்" இல்லாமல் அவர்கள் பணம் அவர்களுக்குக் கிடையாது. மூன்று நாள் வந்துபோனார்கள், மூன்று நாளும் பீடித் தட்டு மடியில் ஏறவில்லை, கூலியும் இல்லை.

ரேஷன் கடைகளில் இப்போது கருவிழி பார்க்கிற மிஷின் வந்திருக்கிறது, அது நல்ல காரியம். ஆனால் இந்த மிஷினையெல்லாம் யோசித்தவர்கள் ஒரு பீடிக் கையைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாறவே இல்லையா என்றால், மாறியிருக்கிறது. எங்கள் பின்தெருவில் ஒரு பொண்ணு சாப்ட்வேர் வேலைக்குப் போகிறாள். முதல் வருஷமே அம்மா போனைத் தமிழுக்கு மாற்றி, ஆதாரில் அம்மா பெயருக்கே சிம் நம்பரைச் சேர்த்து, ஓ.டி.பி.யை எப்படி வாசிப்பது, யாருக்கெல்லாம் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் வியாபாரம் கொஞ்சம் குறைந்ததுதான், பரவாயில்லை. அந்தப் பொண்ணு சென்னையில் இருந்திருந்தால் அவள் அம்மா இன்னும் என் கடை பெஞ்சில்தான்.

கணக்குப்புலி:
அக்கா சொன்னது சரி, ஆனால் திண்ணைப் பொண்ணை நம்பி ஒரு மாநிலம் ஓடாது. ஊராட்சிகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிற பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிக்கும் பைபர் இழுக்கிற வேலை, கேபிள் பெரும்பாலும் மின்கம்பம் மேலேயே. எங்கள் ஊராட்சி ஆபீசில் பெட்டி மாட்டி லைட்டும் எரிகிறது. அதிலிருந்து ஒரு வயர் நூலகத்துக்குப் போயிருக்கிறதா என்றால் இல்லை. கம்பி வருவது ஒரு வேலை, அதில் யாராவது ஏதாவது செய்வது வேறு வேலை. இரண்டாவதற்கு எங்கள் ஊரில் ஆள் கிடையாது.

சாரல்காத்து:
அந்த ஆள்தானே அண்ணாச்சி வானூரான் தங்கச்சி.

வானூரான்:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். அக்கா, உங்கள் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், அந்த "ள்" வந்த இடத்தில் எழுந்து போய்விட்டார். எங்கள் பாட்டிக்கு முதியோர் பென்ஷனில் இதே கதை நடந்தது.

ஸோஹோ பள்ளிக்கூடம் என்கிறார்களே, அதில் தங்கச்சி சேர முடியுமா? டிப்ளமோ எடுபடுமா?

சாரல்காத்து:
எடுபடும். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்காகத்தான் அதை ஆரம்பித்தார்கள். கட்டணம் இல்லை, படிக்கிற காலத்தில் மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. தேர்வு, அப்புறம் நேர்காணல். வயது வரம்பு இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். தென்காசியிலும் நடத்துகிறார்கள், ஆனால் வானூரிலிருந்து ராத்திரி முழுக்கப் பயணம்.

இ-சேவை அக்கா:
தம்பி, விண்ணப்பம் போடுவதற்கு முன் தங்கச்சி சான்றிதழ்களில் பெயரும் இனிஷியலும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். பாட்டிக்கும் பாருங்கள்.